இருவர் சேர்ந்திருந்தால் குற்றம்

(ஜூன் 2 அன்று ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



1975ஆம் ஆண்டில் இதே ஜூன் 2 ஒரு திங்கட்கிழமை. பிரான்சின் லியோன் நகரத்து நடுவில் சேன் நிசியே என்றொரு பழைய தேவாலயம் உண்டு. அன்று அந்த ஆலயத்துக்குள் ஏறத்தாழ நூறு பெண்கள் போய் உட்கார்ந்தார்கள். பூசைக்காக வந்தவர்கள் இல்லை. எட்டு நாள் அவர்கள் வெளியே வரவில்லை. லியோன் நகரத் தெருக்களில் பாலியல் தொழில் செய்து பிழைத்தவர்கள் அவர்கள்.

அவர்களுடைய குறை என்ன? அவர்கள் தொழில் செய்துவந்த விடுதிகளை அரசு மூடியிருந்தது. தெருவுக்கு வந்தார்கள். தெருவில் நின்றால் அபராதம். ஒரே பெண்ணுக்கு ஒரே நாளில் பலமுறை அபராதம். கட்டத் தவறினால், திரும்பத் திரும்பப் பிடிபட்டால், சிறை. இதற்கிடையில் அவர்களில் சிலர் கொலை செய்யப்பட்டார்கள். கொன்றவர்களைத் தேடுவதில் காவல்துறைக்கு அபராதம் விதிப்பதில் இருந்த சுறுசுறுப்பு இல்லை. ஆலய முகப்பில் அந்தப் பெண்கள் ஒரு பதாகை கட்டினார்கள். எங்கள் பிள்ளைகள் தங்கள் தாய்மார் சிறைக்குப் போவதை விரும்பவில்லை என்பது அதில் இருந்த செய்தி. அவர்களுக்காகப் பேசிய பெண் உல்லா என்ற புனைபெயரில்தான் பேசினார். ஊர் மக்கள் பலர் உணவு கொண்டுவந்து கொடுத்தார்கள். பாதிரியார்களிலும் சிலர் துணை நின்றார்கள். பாரிஸ், மார்செய், கிரெனோபிள் நகரங்களிலும் பெண்கள் இதேபோல ஆலயங்களில் தஞ்சம் புகுந்தார்கள். ஜூன் 10 விடியற்காலையில் காவல்துறை உள்ளே புகுந்து அவர்களை இழுத்து வெளியேற்றியது. பிறகு அரசு கீ பினோ என்ற நீதிபதியை அறிக்கை தரச் சொன்னது. அவரும் கொடுத்தார். அறிக்கை கிடப்பில் போடப்பட்டது.

அவர்கள் ஆலயத்துக்குள் நுழைந்த ஜூன் 2ஐத்தான் இன்று உலகின் பல நாடுகளில் பாலியல் தொழிலாளர் நாளாக நினைவுகூர்கிறார்கள். இன்றைய கூட்டத்துக்கு இந்தத் தேதியை நான் கேட்டு வாங்கியதும் அதற்காகத்தான்.

ஐரோப்பாவின் பாலியல் தொழிலாளர் உரிமை பற்றிப் பேசப்போகிறேன் என்று சொன்னபோது ஏற்பாட்டாளர்களில் ஒருவர் என்னிடம், "ஐரோப்பாவிலதான் எல்லாம் சட்டப்படி நடக்குதே, ஆம்ஸ்டர்டாம்ல கண்ணாடி ஜன்னல்ல உட்காருறாங்களே, அங்கே என்ன உரிமைப் பிரச்சினை?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. நம்மில் பலருக்கு ஐரோப்பா என்றால் அந்தக் கண்ணாடி ஜன்னல்தான். ஆனால் ஐரோப்பா ஒரே சட்டத்தில் ஓடும் கண்டமில்லை. நெதர்லாந்து 2000ஆம் ஆண்டு அக்டோபரில் விடுதிகள் மீதான தடையை நீக்கியது. அதற்கு முந்தைய ஆண்டு, 1999 ஜனவரியில், பாலியல் சேவையை விலைக்கு வாங்குவதைக் குற்றமாக்கிய முதல் நாடானது ஸ்வீடன். பிரிட்டனில் ஒரு பெண் தன் வீட்டில் தனியாக இருந்து இத்தொழிலைச் செய்தால் குற்றமில்லை. அதே வீட்டில் துணைக்கு இன்னொருத்தி இருந்து அவளும் தொழில் செய்தால், சட்டத்தின் கண்ணில் அது விடுதி. விடுதி நடத்துவது குற்றம்.

இந்தக் கடைசி வரியை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இரவு வேலைக்குப் போகும் நம் வீட்டுப் பெண்ணிடம் என்ன சொல்கிறோம்? தனியாகப் போகாதே, யாரையாவது கூட்டிக்கொண்டு போ என்கிறோம். துணைக்கு ஆள் என்பதுதான் நமக்குத் தெரிந்த மிகப் பழைய பாதுகாப்பு. இந்தப் பெண்களுக்கு மட்டும் அந்தத் துணையைச் சட்டம் குற்றமாக்கி வைத்திருக்கிறது. நான் இன்று சொல்ல வந்தது இந்த ஒன்றைத்தான்.

சொல்லைப் பற்றி ஒரு வார்த்தை. பாலியல் தொழிலாளி என்ற சொல் அலங்காரத்துக்கு வந்ததில்லை. கரோல் லீ என்ற அமெரிக்கப் பெண், தானே இத்தொழிலில் இருந்தவர், 1970களின் இறுதியில் தங்களைக் குறிக்க இப்படியொரு சொல் வேண்டும் என்று கேட்டுப் புழக்கத்தில் விட்டார். அவர்கள் தங்களை எப்படி அழைத்துக்கொள்கிறார்களோ அப்படியே நானும் அழைக்கிறேன்.

இவர்களைக் காப்பாற்றுகிறோம் என்று சொல்லிக்கொண்டு போடும் சட்டங்களின் வரலாறு நீளமானது. அதில் ஒரு பக்கம் நம் ஊர்வரை வருகிறது. 1864இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் தொற்றுநோய்ச் சட்டம் ஒன்றை நிறைவேற்றியது. படைவீரர்களிடையே பால்வினை நோய் பரவியதுதான் காரணம். துறைமுக நகரங்களிலும் படைமுகாம் ஊர்களிலும் சாதாரண உடையணிந்த காவலர் எந்தப் பெண்ணையும் காட்டி இவள் அப்படிப்பட்டவள் என்று சொல்லலாம். அவள் உடற்பரிசோதனைக்கு உட்பட வேண்டும். மறுத்தால் சிறை. நோய் இருந்தால் லாக் ஆஸ்பத்திரி என்று பெயரிட்ட மருத்துவமனையில் அடைத்துவைப்பார்கள். படைவீரனுக்குப் பரிசோதனை கிடையாது. 1868இல் இதேபோன்ற சட்டம் இந்தியாவுக்கும் வந்தது. மதராஸ் மாகாணத்திலோ லாக் ஆஸ்பத்திரிகள் அதற்குப் பல பத்தாண்டுகளுக்கு முன்பிருந்தே இருந்தன. ஜோசஃபின் பட்லர் என்ற பெண்மணி, பாதிரியாரின் மனைவி, ஊர் ஊராகப் போய்ப் பேசினார். கண்ணியமான பெண்கள் வாயில் எடுக்கக் கூடாத விஷயம் என்று அந்தக் காலம் நினைத்ததை மேடையேற்றினார். 1886இல் அந்தச் சட்டங்கள் ரத்தாயின.

காப்பாற்றுகிறோம் என்று சொல்லிச் சட்டம் போடும் பழக்கம் 1886உடன் போய்விடவில்லை. ஜெர்மனியை எடுத்துக்கொள்ளுங்கள். 2002இல் இத்தொழிலுக்கு முழுச் சட்ட அங்கீகாரம் கொடுத்த நாடு அது. 2017 ஜூலையில் பாதுகாப்புச் சட்டம் என்ற பெயரில் இன்னொரு சட்டம் வந்தது. ஒவ்வொருவரும் அரசு அலுவலகத்தில் பதிவு செய்ய வேண்டும், கட்டாய ஆலோசனைக்குப் போக வேண்டும், அட்டை வைத்திருக்க வேண்டும். பதிவு செய்தவர்கள் எத்தனை பேர்? 2023 முடிவில் ஏறத்தாழ 30,600. தொழிலில் இருப்பவர்கள் அதைப்போல் பல மடங்கு என்பதை ஜெர்மனியில் யாரும் மறுப்பதில்லை. தன் பெயர் ஒரு பட்டியலில் ஏறினால் அந்தப் பட்டியல் நாளை யார் கைக்குப் போகும் என்ற பயம் அவர்களுக்கு. பிள்ளையின் பள்ளிக்குத் தெரிந்தால்? சொந்த ஊரில் தெரிந்தால்? பதிவுக்கு வராதவர்களுக்கு அந்தச் சட்டம் எந்தப் பாதுகாப்பையும் தரவில்லை. அவர்களைச் சட்டத்துக்கு வெளியே நிறுத்தியது, அவ்வளவுதான்.

ஸ்வீடனுக்கு வருகிறேன். இங்கே நிதானமாகப் பேச வேண்டும், ஏனென்றால் அந்தச் சட்டத்தை ஆதரிப்பவர்கள் கெட்ட எண்ணக்காரர்கள் இல்லை. அவர்களில் நான் மதிக்கும் பெண்ணியவாதிகள் இருக்கிறார்கள். இத்தொழிலிலிருந்து வெளியே வந்து, தங்கள் காயங்களைப் பொதுவில் பேசும் பெண்களும் இருக்கிறார்கள். அவர்களுடைய வாதம் இது: பெண்ணைத் தண்டிக்காதே, அவளை வாங்க வருபவனைத் தண்டி. கேட்பவன் குறைந்தால் சந்தை சுருங்கும். காதுக்கு நியாயமாகத்தான் இருக்கிறது. நார்வே, ஐஸ்லாந்து, வட அயர்லாந்து, பிரான்ஸ், அயர்லாந்து ஆகியவை ஒவ்வொன்றாக அந்த வழிக்குப் போயின. 2014 பிப்ரவரியில் ஐரோப்பிய நாடாளுமன்றமே 343க்கு 139 என்ற வாக்குக் கணக்கில் இந்த வழியைப் பரிந்துரைத்தது.

இந்தச் சட்டங்கள் காகிதத்தில் பெண்ணைத் தொடுவதில்லை. அவளைச் சுற்றியுள்ள எல்லாரையும் தொடுகின்றன. வீடு கொடுத்தவர், கூட இருந்தவள், வண்டியில் கொண்டுவிட்டவர், வந்துபோகும் வாடிக்கையாளர். சுற்றியிருப்பவர்களை ஒவ்வொருவராக விலக்கிவிட்டால் நடுவில் யார் மிஞ்சுவார்கள்?

நார்வே தலைநகர் ஆஸ்லோவில் வாடிக்கையாளரைத் தண்டிக்கும் சட்டம் வருவதற்குச் சற்று முன்பே, 2007 முதல் சில ஆண்டுகள், காவல்துறை ஒரு நடவடிக்கை நடத்தியது. அதற்கு அவர்களே வைத்த பெயர் 'வீடற்றோர் நடவடிக்கை'. வீட்டு உரிமையாளருக்கு ஒரு தகவல் போகும்: உங்கள் வீட்டில் இன்ன தொழில் நடக்கிறது, அந்தப் பெண்ணை வெளியேற்றாவிட்டால் உங்கள் மீதே வழக்கு. எந்த உரிமையாளர் அதற்குப் பிறகு யோசிப்பார்? அன்றே பெட்டி தெருவுக்கு வந்துவிடும். ஆம்னஸ்டி இன்டர்நேஷனல் 2016இல் வெளியிட்ட அறிக்கையில் இந்த வெளியேற்றங்களை விரிவாகப் பதிவு செய்திருக்கிறது. தாக்கப்பட்டதாகக் காவல்துறையிடம் புகார் கொடுக்கப் போன பெண்கள், அந்தப் புகாராலேயே முகவரி தெரிந்து, சில நாளில் வீட்டை இழந்த கதையும் அதில் உண்டு. அதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. அதற்குப் பிறகு அந்தப் பெண்களில் யார் காவல் நிலையப் படி ஏறுவார்?

அயர்லாந்தில் 2017 சட்டம் வாடிக்கையாளரைக் குற்றவாளியாக்கிய அதே கையோடு விடுதி நடத்துவதற்கான தண்டனையையும் இரட்டிப்பாக்கியது. 2019 ஜூனில் கில்டேர் மாவட்டத்தில் இரண்டு பெண்கள் நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டார்கள். ருமேனியாவிலிருந்து பிழைக்க வந்தவர்கள். ஒரே வீட்டில் இருவரும் தொழில் செய்தார்கள். அவர்களுக்குப் பின்னால் தரகன் இல்லை. அவர்களே ஒருவருக்கொருவர் துணை. ஒருத்தி கர்ப்பிணி. விடுதி நடத்திய குற்றத்துக்காக இருவருக்கும் ஒன்பது மாதச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. பெண்ணைத் தண்டிக்காத சட்டம் என்று பெயர்பெற்ற சட்டம் இது.

பிரான்ஸில் 2016 ஏப்ரலில் வாடிக்கையாளரைத் தண்டிக்கும் சட்டம் வந்தது. இரண்டு ஆண்டு கழித்து 'உலக மருத்துவர்கள்' என்ற மருத்துவ அமைப்பும் பிற அமைப்புகளும் சேர்ந்து கிட்டத்தட்ட 600 பேரிடம் கேட்டுப் பார்த்தார்கள். 78 விழுக்காட்டினர் வருமானம் குறைந்தது என்றார்கள். 42 விழுக்காட்டினர் வன்முறை கூடியது என்றார்கள். 38 விழுக்காட்டினர் ஆணுறை அணியும்படி வற்புறுத்துவது முன்னைவிடக் கடினமாகிவிட்டது என்றார்கள். காரணத்தைப் புரிந்துகொள்வது எளிது. பிடிபட்டால் அபராதம் என்று பயப்படும் ஆண் வெளிச்சத்தில் நிற்கமாட்டான். இருட்டுக்குக் கூப்பிடுவான். பேரம் பேச நேரம் கொடுக்கமாட்டான். முன்பெல்லாம் வண்டியில் ஏறுமுன் ஆளின் முகத்தைப் பார்க்க, வண்டி எண்ணைக் குறித்துக்கொள்ள, தோழியிடம் ஒரு கண் காட்ட, ஒன்றிரண்டு நிமிடம் கிடைத்தது. அந்த நிமிடம் போய்விட்டது. ஆட்கள் குறைந்ததால், முன்பு வேண்டாம் என்று திருப்பி அனுப்பியவனையும் ஏற்க வேண்டிய நிலை. தாக்குபவனை அடையாளம் காண அவர்கள் தங்களுக்குள் கற்றுக்கொடுத்த நுணுக்கங்கள் அத்தனையும் நேரம் கேட்பவை.

2018 ஆகஸ்டில் பாரிஸின் மேற்கு விளிம்பிலுள்ள போலோன் காட்டில், பெருவிலிருந்து வந்த ஒரு திருநங்கை சுட்டுக் கொல்லப்பட்டார். அவருடைய தோழிகள் ஊர்வலமாகப் போய்ச் சொன்னது: புதிய சட்டம் எங்களைக் காட்டின் உட்பகுதிக்குத் தள்ளியது, அங்கே எங்கள் குரல் யாருக்கும் கேட்காது.

261 பேர் பிரான்ஸ் அரசுக்கு எதிராக ஸ்ட்ராஸ்பர்க்கிலுள்ள ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்துக்குப் போனார்கள். 2024 ஜூலை 25 அன்று தீர்ப்பு வந்தது. தோற்றார்கள். இது அரசுகள் தங்கள் விருப்பப்படி முடிவெடுக்க வேண்டிய கொள்கை விஷயம் என்றது நீதிமன்றம். அதேசமயம், சட்டத்தின் விளைவுகளை பிரான்ஸ் தொடர்ந்து பரிசீலித்துவர வேண்டும் என்றும் சொன்னது. போராடுபவர்களுக்கு மிஞ்சிய பிடி அந்த இரண்டாவது பாதிதான்.

உடல்நலத்தைப் பற்றித் தனியாகப் பேச வேண்டியதில்லை. அது இந்தத் தனிமையோடு சேர்ந்ததுதான். லண்டன் சுகாதார, வெப்பமண்டல மருத்துவப் பள்ளியின் ஆய்வாளர்கள் 33 நாடுகளில் நடந்த ஆய்வுகளைத் தொகுத்து 2018இல் வெளியிட்டார்கள். காவல்துறை அடக்குமுறைக்கு ஆளான பாலியல் தொழிலாளர்கள் வன்முறைக்கு உள்ளாகும் சாத்தியம் மற்றவர்களைவிட மூன்று மடங்கு, எச்.ஐ.வி. அல்லது பால்வினை நோய் தொற்றும் சாத்தியம் கிட்டத்தட்ட இரு மடங்கு. 2014இல் லான்செட் மருத்துவ இதழ் வெளியிட்ட கட்டுரைத் தொடரோ, இத்தொழிலைக் குற்றப்பட்டியலிலிருந்து நீக்கினால் பத்து ஆண்டில் புதிய எச்.ஐ.வி. தொற்றுகளில் 33 முதல் 46 விழுக்காடுவரை தடுக்க முடியும் என்று கணக்கிட்டது. எந்தத் தடுப்பூசியும் இல்லாத ஒரு நோய்க்கு, சட்டப் புத்தகத்தில் ஒரு மாற்றம் இவ்வளவு செய்யும் என்றால் அதை மருந்து என்றுதான் சொல்ல வேண்டும். பல நகரங்களில் காவலர்கள் பெண்ணின் கைப்பையில் இருக்கும் ஆணுறையைத் தொழிலுக்கான சாட்சியமாக எடுத்துக்கொள்கிறார்கள். சாட்சியமாகும் பொருளை யார் பையில் வைத்துக்கொள்வார்கள்?

ஆள்கடத்தல் இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. நைஜீரியாவிலிருந்தும் பால்கன் நாடுகளிலிருந்தும் கடனைக் காட்டி, மிரட்டி, ஏமாற்றிக் கொண்டுவரப்பட்ட பெண்கள் ஐரோப்பிய நகரங்களில் இருக்கிறார்கள். அதை மறைத்துவிட்டு உரிமை பேசினால் அது பொய். ஆனால் அப்படிக் கொண்டுவரப்பட்ட பெண்ணின் இடத்தில் நின்று பாருங்கள். அவளை மீட்கக்கூடியவர் யார்? அவளைப் பார்க்கும் இன்னொரு பெண், அவளிடம் பேச்சுக் கொடுக்கும் செவிலி, சந்தேகப்பட்டுத் தகவல் சொல்லும் ஒருவர். மேற்கு ஐரோப்பாவில் இத்தொழிலில் இருப்பவர்களில் பெரும்பாலோர் வேறு நாட்டிலிருந்து வந்தவர்கள். 1993 முதல் டாம்பெப் என்ற அமைப்பு அவர்களிடையே வேலை செய்துவந்தது. அவர்கள் மொழி தெரிந்த பெண்களையே கூட்டிக்கொண்டு போய்ப் பேசியது. காவலர் வந்தால் முதலில் கேட்பது கடவுச்சீட்டை. கடவுச்சீட்டு இல்லாதவளுக்குத் தரகனைவிடக் காவலர்தான் பயம். அந்த பயம் இருக்கும்வரை கடத்துபவனுக்குக் கவலை இல்லை.

இனி நல்ல சேதி. பெல்ஜியம்.

2020இல் கொரோனா வந்து எல்லாக் கதவுகளும் மூடியபோது, வேலை இழந்தவர்களுக்கு ஐரோப்பிய அரசுகள் உதவித்தொகை கொடுத்தன. பாலியல் தொழிலாளர்களில் பெரும்பாலோருக்கு அது கிடைக்கவில்லை. வேலை என்று எங்கும் எழுதப்படாத வேலைக்கு இழப்பீடு எப்படிக் கொடுப்பது? யுட்சோபி என்ற அவர்களுடைய சங்கம் உணவுப் பொட்டலம் கட்டிக் கொடுத்தது. அந்த வெட்கக்கேடு பெல்ஜிய அரசியலைக் கொஞ்சம் உலுக்கியது. 2022 ஜூனில் அந்த நாடு இத்தொழிலைக் குற்றப்பட்டியலிலிருந்து நீக்கியது. அதோடு நிற்காமல் 2024 மே மாதத்தில் தொழிலாளர் சட்டமொன்றை நிறைவேற்றி அந்த ஆண்டு டிசம்பர் 1 முதல் நடைமுறைப்படுத்தியது. உலகில் இப்படி ஒரு சட்டம் இதற்கு முன் இருந்ததில்லை.

அதில் பேறுகால விடுப்பு இருக்கிறது, நோய்க்கால ஊதியம் இருக்கிறது, ஓய்வூதியம் இருக்கிறது. என் மனத்தைத் தொட்டவை வேறு. ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்ட பெண் எந்த வாடிக்கையாளரையும் மறுக்கலாம், எந்தச் செயலையும் மறுக்கலாம், தொடங்கியதைப் பாதியில் நிறுத்தலாம். அதற்காக அவளை வேலையைவிட்டு அனுப்ப முடியாது. ஒவ்வொரு அறையிலும் ஆபத்து நேரத்தில் அழுத்தும் பொத்தான் இருக்க வேண்டும். நடத்துபவர் அரசு அனுமதி பெற வேண்டும். வன்புணர்வு, ஆள்கடத்தல் போன்ற குற்றங்களில் தண்டனை பெற்றவராக இருக்கக் கூடாது. ஒரு பெண் இல்லை என்று சொன்னால் அந்தச் சொல்லுக்குத் தொழிலாளர் சட்டத்தின் பலம் இருக்கிறது. எத்தனை நாடுகளில் எத்தனை மனைவியருக்கு இந்தப் பலம் இருக்கிறது என்று யோசித்தேன்.

குறையும் உண்டு. ஒப்பந்தத்தில் வேலை செய்பவர்களுக்கு மட்டும்தான் இது. சுயமாகத் தொழில் செய்பவர்களுக்கும், குடியேற்ற ஆவணம் இல்லாதவர்களுக்கும் இதில் இடமில்லை. ஆவணம் இல்லாதவள்தான் எல்லாரையும்விடத் தனியாக இருப்பவள்.

சட்டம் மட்டும் மாறினால் போதாது, இந்தப் பெண்களைப் பார்க்கும் பார்வையும் மாற வேண்டும். பிரிட்டனில் 1975 முதல் 1980வரை பீட்டர் சட்கிளிஃப் என்பவன் 13 பெண்களைக் கொன்றான். 1981இல் வழக்கு நடந்தபோது அரசுத் தரப்புத் தலைமை வழக்கறிஞர் சர் மைக்கேல் ஹேவர்ஸ் நீதிமன்றத்தில், கொலையானவர்களில் சிலர் விலைமாதர், இதில் மிகவும் வருத்தத்துக்குரியது சிலர் அப்படி இல்லாததுதான் என்ற பொருள்படப் பேசினார். ஒரு அரசு தன் வாயால் சொன்னது இது. அடுத்த ஆண்டு, 1982 நவம்பரில், பிரிட்டனின் பாலியல் தொழிலாளர் கூட்டமைப்பு லண்டன் கிங்ஸ் கிராஸ் பகுதியில் ஹோலி கிராஸ் தேவாலயத்தில் 12 நாள் தங்கிப் போராடியது. லியோனின் வழியில்தான். உள்ளே இருந்த பெண்கள் எல்லாரும் கறுப்பு முகமூடி அணிந்திருந்தார்கள். ஆதரவாக வந்த மற்றப் பெண்களும் அணிந்தார்கள். யார் இத்தொழிலில் இருப்பவர், யார் இல்லாதவர் என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியவில்லை. இன்று நான் சொன்னவற்றில் எதை மறந்தாலும் அந்த முகமூடிகளை மறந்துவிடாதீர்கள்.

2006இல் லிவர்பூல் நகரத்தை உள்ளடக்கிய மெர்சிசைட் காவல்துறை, பாலியல் தொழிலாளர் மீதான தாக்குதலை வெறுப்புக் குற்றமாகக் கருதத் தொடங்கியது. பிரிட்டனில் அப்படிச் செய்த முதல் காவல்துறை அது. செலவில்லாத மாற்றம். மனம் மட்டும் வேண்டும்.

முடிக்கும் முன் கிரேக்கத்துக்குப் போக வேண்டும். 2012, பொதுத் தேர்தலுக்குச் சில நாள் முன்பு, ஏதென்ஸ் தெருக்களில் காவல்துறை பெண்களைத் திரட்டிக் கொண்டுபோய் எச்.ஐ.வி. பரிசோதனை செய்தது. தொற்று இருந்தவர்களின் புகைப்படங்களையும் பெயர்களையும் பொதுவில் வெளியிட்டது. குடும்ப ஆண்களைக் காப்பதற்காக என்று சொன்னார்கள். தொலைக்காட்சிகள் அந்த முகங்களைத் திரும்பத் திரும்பக் காட்டின. அந்தப் பெண்களில் பலர் போதைப்பழக்கத்தில் சிக்கி வீடிழந்தவர்கள். பலர் பாலியல் தொழிலாளர்களே இல்லை என்பது பிறகு தெரிந்தது. வழக்கிலிருந்து அவர்கள் விடுவிக்கப்பட்டார்கள். 1864இல் காவலர் விரல் நீட்டிக் காட்டினால் போதும் என்றிருந்த அதே ஏற்பாடுதான், கையில் கேமராவோடு திரும்ப வந்திருந்தது. 2024 ஜனவரியில் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம், கிரேக்க அரசு அந்தப் பெண்களின் தனிவாழ்வு உரிமையை மீறியது என்று தீர்ப்பளித்தது. நடுவில் 12 ஆண்டு.

இந்த அரங்கில் பத்திரிகை நண்பர்கள் சிலர் இருக்கிறீர்கள். 'அழகிகள் மீட்பு' என்று தலைப்புப் போட்டு, துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டு வண்டியில் ஏறும் பெண்களின் படத்தைப் போடுவது நம் பத்திரிகைகளின் வழக்கமாகிவிட்டது. மீட்கப்பட்டவளுக்கு எதற்கு முகத்தை மறைக்க வேண்டியிருக்கிறது? நாளைக் காலை அப்படியொரு படம் உங்கள் மேசைக்கு வந்தால், தயவுசெய்து அதை அச்சுக்கு அனுப்பாதீர்கள்.